கற்காரை அணையும் மூட்டும்



கான்கிரீட் என வழங்கும் கற்காரையால் எழுப்பும் பேரணை வெடிக்காதிருக்க வேண்டுமெனில், அதனை இடையிடையே பிளந்தே கட்டல் வேண்டும். கேட்பார்க்கு இது முரணாகத் தோன்றும். ஆயினும் பொறிஞர் பட்டறிந்து கண்ட உண்மை இதுவே.

சிமெண்டு எனப்படும் பைஞ்சுதை நீரொடு கலந்து இறுகுங்கால் வெப்பம் பிறக்கின்றது. மெல்லிய சுவராயின் அவ்வெப்பம் விரைந்து வெளியேறிவிடும். பன்னூறடி தடித்த அணையிலோ அது போக்கின்றி அடைபட்டுக் கிடக்கும். வெம்மையால் விரிந்த கற்காரை, ஆறுங்கால் சுருங்க முற்படும்; கீழுள்ள பாறையோ அதனை விடாது பற்றிக்கொள்ளும். அமுக்கும் விசையைப் பெரிதும் தாங்கவல்ல கற்காரை, இழுக்கும் விசைக்கு மிக மெலியது. ஆதலின் வெடிக்கின்றது. அவ்வெடிப்பு நீர்முகத்தினின்று உள்ளோடுமாயின், நீர் புகுந்து அழுத்திப் பிளவை மேலும் அகலப்படுத்தும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களெல்லாம் அந்த அணையை நம்பியே உறங்குகின்றன.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே எழுந்த ஊவர் அணை, இதனை வென்ற திறத்துக்கு நல்ல சான்று. அதன் உயரம் 726 அடி. அடித்தடிப்பு 660 அடி. ஒரே பாளமாக வார்த்தால் முற்றும் ஆற நூறாண்டுக்கு மேலாகும் எனக் கணக்கிட்டனர். எனவே 1933 சூன் 6இல் வார்ப்புத் தொடங்கியபோதே அணையைத் தனித்தனித் தூண்களாகப் பகுத்துக்கொண்டனர். நீர் தேங்கும் பக்கத்துத் தூண்கள் ஏறத்தாழ 60 அடிச் சதுரம். மறுபக்கத்தன 25 அடிச் சதுரம். ஒரு முறைக்கு 5 அடி உயரமே வார்த்தனர். ஓரங்குலக் குழாய்களை உள்ளே பதித்து, முதலில் ஆற்று நீரையும் பின்னர்க் குளிரூட்டிய நீரையும் ஓடவிட்டனர். அக்குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் 582 கல் தொலைவு செல்லும்! 1935இல் வார்ப்பு முடிந்தது.

தூண்கள் ஆறிச் சுருங்கச் சுருங்க, அவற்றிடையே இருந்த வாய்கள் விரிந்தன. பிளவு எங்கே தோன்றல் வேண்டும் எனப் பொறிஞர் முன்னரே கோடு கிழித்து வைத்திருந்தனர். அஃது அங்கேயே தோன்றிற்று. தூண்கள் நழுவாமைப் பொருட்டு, ஒன்றன் புடைப்பு மற்றொன்றன் பள்ளத்துள் பொருந்துமாறு பக்கங்களை வார்த்திருந்தனர். கற்காரை ஆறிய பின்னரே, பைஞ்சுதைக் குழம்பை அழுத்திச் செலுத்தி வாய்களை அடைத்தனர். முந்தி அடைத்திருப்பின், பின்னும் சுருங்கி மீண்டும் வாய் திறந்திருக்கும்.

இதனை 'இணைப்பு' என்பார் உளர். அது பொருந்தாது. இணைவது பின்னர், பிரிந்து நிற்பதே முதற்செயல். முழங்கால் மூட்டு அசைவுக்கு இடங்கொடுத்தே உடலைத் தாங்குதல்போல, இதுவும் சுருக்கத்துக்கு இடங்கொடுத்தே அணையைக் காக்கின்றது. 'மூட்டு' என்பதே ஏற்ற சொல்.

எல்லா மூட்டையும் அடைத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. வளைவணை நீரின் சுமையை இருபுற மலைகளுக்கும் கடத்துவது. ஆங்கே தூண்கள் ஓருடலாதல் வேண்டும். தன் எடையாலேயே நிற்கும் நேரணையில் குறுக்கு மூட்டுகளை அடையாமலே விடுவதுண்டு. ஆயின் நீர் கசியாதிருக்க, நீர்முகத்துக்கு அண்மையில் மூட்டின் குறுக்கே செப்புத் தகடு பதிப்பர். தகட்டின் நடுவில் ஒரு மடிப்பு இருக்கும். மூட்டு விரியுங்கால் மடிப்பு நிமிர்ந்து கொடுக்கும், தகடு கிழியாது. பின்னாளில் இரப்பர்ப் பட்டையும் நெகிழிப் பட்டையும் வந்தன.

மூட்டு விட்டதனாலேயே கவலை தீர்ந்துவிடாது. ஐதாகோ மாநிலத்தில் 1973இல் நிறைவுற்ற துவோர்சாக்கு அணை, மூட்டுகளோடு கட்டிய நேரணையே. 1980இல் அதன் பாளமொன்று, மூட்டில் அன்றித் தன் உடலிலேயே பிளந்து நீரை உள்ளே விட்டது.