கண்ணுக்குத் தெரியும் பக்கமும் தெரியாத பக்கமும்



பழைய அச்சுக்கூடங்களிலே எழுத்துக் கோப்பவரின் தொழிலை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். ஈய எழுத்துக்கள் யாவும் இடம்வலம் மாறியே இருக்கும். அவற்றைக் கோக்கும்போதே, தாளிற் பதிந்த பின் பக்கம் எவ்வாறு தோன்றும் என்பதை அவர் மனக்கண்ணாற் கண்டுகொள்வார். இணையப் பக்கங்களை ஆக்குவோரும் இத்தகைய நிலையிலேயே இருந்தனர். இது தலைப்பு, இது பந்தி, இது படம் என்று குறியீடுகளால் எழுதிவிட்டு, திரையிலே வரப்போகும் தோற்றத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. இந்த இடர்ப்பாட்டை நீக்க எழுந்தவையே, எழுத்தையும் படத்தையும் சுட்டியாற் பிடித்திழுத்து வேண்டிய இடத்திலே விட்டுப் பக்கம் அமைக்கும் கருவிகள்.

பக்கத்தைக் கண்முன்னே திருத்தும் எண்ணம் புதியதன்று. 1990ஆம் ஆண்டிலே, ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்திலே ரிம் பேர்னர்ஸ் லீ ஆக்கிய முதலாவது உலாவி, படிக்கவும் திருத்தவும் ஒருங்கே உதவியது. பின்னர்ப் பரவிய உலாவிகளோ பெரும்பாலும் படிப்பதற்கு மட்டுமே பயன்பட்டன. 1997 டிசெம்பரில் வெளிவந்த ட்ரீம்வீவர் போன்ற கருவிகள் கண்ணாற் கண்டு திருத்தும் முறையைப் பரப்பின. 2018 டிசெம்பரிலே, வேர்ட்பிரஸ் தன் ஐந்தாம் பதிப்பிலே கட்டங்களை அடுக்கிப் பக்கம் அமைக்கும் முறையைப் புகுத்திற்று. அத்திட்டத்துக்கு இடப்பட்ட பெயர், ஐரோப்பிய அச்சுக்கலையின் முன்னோடியான குட்டன்பேர்க்கின் பெயரே.

ஆனால் இணையப் பக்கம் அச்சுத்தாள் போன்றதன்று. தாளுக்கு அளவு ஒன்றே. இணையப் பக்கமோ அகன்ற திரையிலும் சிறிய கைத்தொலைபேசியிலும் தோன்ற வேண்டும். அன்றியும், கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தின் கீழே குறியீட்டு ஒழுங்கு ஒன்று மறைந்திருக்கிறது. பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் மென்பொருள் அந்த ஒழுங்கையே பின்பற்றுகிறது.

பாடசாலை அறிவித்தல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூட்டம் நடைபெறும் திகதியை ஆசிரியர் இறுதியிற் சேர்த்து, பின் அதை மேலே இழுத்து வைக்கிறார். பார்ப்பவருக்கு அது முதலில் நிற்கிறது. கருவி உட்புற ஒழுங்கை மாற்றாது விட்டிருந்தால், பார்வையற்ற தந்தைக்கு அது கடைசியிலேயே கேட்கும். எழுத்தைப் பெரிதாக்குவதால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிக் கேட்பவருக்கு, தலைப்பெனக் குறிக்கப்படாத தலைப்பு இல்லாததற்குச் சமம்.

ஆகவே, நல்ல கருவி எங்கே வேண்டுமானாலும் வைக்க விடுவதில்லை. பொருந்தும் இடங்களைக் காட்டி அங்கே ஏற்றுக்கொள்கிறது. இடம் மாறும்போது உள்ளே ஒழுங்கையும் மாற்றுகிறது. படத்துக்கு விளக்கம் கேட்கிறது.

இழுப்பதற்கே இயலாதோரும் உளர். நடுங்கும் கை சுட்டியை அழுத்திப் பிடித்தவாறு நகர்த்த முடியாது. 2023 ஒக்ரோபரிலே உலகளாவிய வலைச் சங்கம் வெளியிட்ட அணுகல் நெறிகளின் 2.2ஆம் பதிப்பு, இழுப்பது இன்றியமையாத இடங்கள் நீங்கலாக, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காது சொடுக்கியும் செய்ய வழிவேண்டும் என்கிறது. விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பது அதற்கு முன்னரே உள்ள விதி. வேர்ட்பிரஸ் கட்டங்களின் அருகே மேலும் கீழும் நகர்த்தும் அம்புக்குறிகள் இருப்பது இத்தேவைக்கு உதவுகிறது.

எழுத்துக் கோப்பவர் தம் மனத்திலே சுமந்த அறிவு இன்று வேண்டாததாகிவிடவில்லை. பாவிப்பவரிடமிருந்து அது கருவியை ஆக்குபவரிடம் சென்றிருக்கிறது. அவர் அதை மறந்தால் பிழை எவர் கண்ணுக்கும் தெரியாது. கேட்பவர் காதுக்கே தெரியும்.

எனவே, கருவி ஒன்றைத் தெரிந்தெடுக்குமுன் சுட்டியைச் சற்று ஒதுக்கிவைத்து விசைப்பலகையால் ஒரு கட்டத்தை நகர்த்திப் பாருங்கள். ஆக்கிய பக்கத்தைக் கைத்தொலைபேசியிலே திறந்து பாருங்கள். பின் கண்களை மூடிக்கொண்டு, வாசிக்கும் மென்பொருள் அதைச் சொல்லக் கேளுங்கள்.