இரவு உறக்கமும் பகல் உழைப்பும்

(புதுக்கோட்டை மாவட்ட உழவர் பயிற்சி ஒன்றில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் பாடம் நடத்துகிறவன் தூக்கத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விதைக்கும் உரத்திற்கும் தண்ணீருக்கும் நாம் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் அவற்றை நிலத்தில் இடுகின்ற உடம்பு எத்தனை மணி நேரம் உறங்கியது என்று கணக்குப் பார்ப்பதில்லை. வளர்ந்த மனிதருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை. இது குறைந்தால் கை தடுமாறும், கவனம் சிதறும், கோபம் மிகும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயச் சத்து உள்ளவரின் செயல்திறன் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்துள்ள எல்லை 30 மில்லிகிராம்தான். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து, அறுவடை வேலை பார்த்து, நள்ளிரவு 12 மணிக்கு டிராக்டரில் நெல்லை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர் 19 மணி நேரம் விழித்திருக்கிறார். ஒரு சொட்டுக் குடிக்காதவரும் அந்நேரத்தில் குடித்தவர் நிலையில்தான் இருக்கிறார். கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குவதும், ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவதும், பூச்சிமருந்தின் அளவை மாற்றி ஊற்றுவதும் இத்தகைய தூக்கக் கலக்கத்தில் எளிதில் நேர்ந்துவிடும்.

பயிருக்கும் உண்டு இரவுக் கணக்கு

தூங்குமூஞ்சி மரமும் புளியமரமும் அந்தி சாய்ந்தால் இலைகளை மடக்கிக்கொள்வதை நீங்கள் அறிவீர்கள். 1729-ஆம் ஆண்டில் டி மெய்ரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயில் படாமலே அச்செடி பகலில் இலை விரித்து, இரவில் மூடியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அது முதல் சான்றாயிற்று. அக்கடிகாரம் உயிரணுக்களில் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தைத் திருத்தி வைப்பது வெளிச்சம். சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் பூக்கும். பூப்பதைத் தள்ளிப்போட விரும்புவோர் நள்ளிரவில் சிறிது நேரம் மின்விளக்கு எரியவிட்டாலே போதும், செடி இரவு குறுகிவிட்டது என்று எண்ணிப் பூக்காமல் நிற்கும். நம் உடம்பும் இதைப் போன்றதே. இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஒரு பொருள் சுரந்து உறக்கத்திற்கு வழிசெய்கிறது. அந்நேரத்தில் கைபேசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு படுத்திருந்தால், உடம்பு இன்னும் பகல் முடியவில்லை என்று எண்ணிக்கொள்கிறது.

மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

1. எழும் நேரத்தை நிலைப்படுத்துங்கள். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும் எழும் நேரம் மாறக் கூடாது. எழுந்தவுடன் அரை மணி நேரமாவது வெளிச்சத்தில் நடமாடுங்கள். வயலைச் சுற்றி வருவதே போதுமானது. கீரமங்கலம் பகுதியில் மல்லிகை பறிக்க விடியற்காலை 3 மணிக்கு எழுவோர், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி இரவு 8 மணிக்குள் படுத்துவிட வேண்டும்.

2. தேநீருக்கு எல்லை வையுங்கள். தேநீர், காப்பியில் உள்ள காபீனில் பாதி உடம்பை விட்டு நீங்க ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் கடையில் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். எனவே பிற்பகல் 3 மணிக்கு மேல் இவற்றைத் தவிர்ப்பது நலம்.

3. மது உறக்கம் தரும் என்று நம்பாதீர்கள். குடித்தவுடன் கண் செருகுவது உண்மையே. ஆனால் பின்னிரவில் விழிப்பு வந்து, உறக்கம் துண்டு துண்டாகிவிடும். குறட்டையும் மிகும்.

4. பகல் உறக்கத்தை அளவோடு வையுங்கள். உண்ட பின் வேப்பமர நிழலில் 20 அல்லது 30 நிமிடம் கண் அயர்வது நல்லது. அதனையும் 3 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவர்கள் மட்டும் மறுநாள் சற்றுக் கூடுதலாக உறங்கலாம்.

5. உறக்கம் வராமல் படுக்கையில் புரளாதீர்கள். ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லையானால் எழுந்து திண்ணையில் மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருங்கள். கண் சொக்கிய பிறகு மீண்டும் படுங்கள். படுக்கை என்றால் விழிப்பு என்று பழகிவிட்ட மனத்தைப் படுக்கை என்றால் உறக்கம் என்று மாற்றும் முறை இது.

6. படுக்கையில் கிடக்கும் நேரத்தைச் சுருக்குங்கள். இரவு 8 மணி முதல் காலை 5 மணி வரை 9 மணி நேரம் படுத்திருந்தும் 6 மணி நேரமே உறங்குகிறவர், சில வாரங்களுக்கு 10½ மணிக்குப் படுத்துப் பார்க்கலாம். உறக்கம் ஒரே தொடராக வரத் தொடங்கியதும், வாரம் 15 நிமிடமாகப் படுக்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம். பரவிக் கிடக்கும் தண்ணீரை ஒரு வாய்க்காலில் திருப்புவதைப் போன்றது இது. இந்நாட்களில் பகலில் கண் சொருகினால் வண்டியும் இயந்திரமும் ஓட்ட வேண்டாம்.

இந்த ஐந்தாவது, ஆறாவது முறைகள் மருத்துவர்களும் ஏற்றுக்கொண்டவை. நாள்பட்ட உறக்கமின்மைக்கு மாத்திரையைவிட இவ்வகைப் பழக்க மாற்றப் பயிற்சியையே முதலில் கையாள வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

இரவு வேலையைத் திட்டமிடுதல்

இரவு மின்சாரத்திற்காக விழித்துப் பழகிய பலருக்கு, பகலில் பாய்ச்ச வசதி வந்த பின்னரும் நள்ளிரவில் விழிப்பு வருகிறது. உங்கள் பகுதியில் பகலில் மும்முனை மின்சாரம் கிடைக்குமானால் பாசனத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். இரவில்தான் பாய்ச்ச வேண்டும் என்றால், கைபேசி மூலம் மோட்டாரை இயக்கும் கருவி இன்று கிடைக்கிறது. மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். வரப்பில் பாம்பை மிதிக்கும் அபாயமும் இதனால் குறையும்.

நிலக்கடலைக்குக் காட்டுப்பன்றிக் காவல் இருப்போர், ஒருவரே இரவு முழுதும் விழித்திராமல் முன்னிரவு, பின்னிரவு என்று முறை பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் தொடர்ச்சியாக 4, 5 மணி நேரமாவது கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் பெண்களே. வாசல் தெளித்து, பால் கறந்து, சமைத்து, பின் களையெடுக்கவும் வருகிறார்கள். இரவில் பாத்திரம் கழுவுவதையும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதையும் ஆண்கள் ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு உறக்கமாகும்.

மனக்கவலையும் உறக்கமும்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியது. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. காற்றுச் சத்தம் கேட்டாலே அதன் பின் உறக்கம் போய்விடுவதாகக் கூறிய விவசாயிகள் உண்டு. கடன், காய்ந்த கிணறு, விலை வீழ்ச்சி ஆகியனவும் இரவில்தான் பெரிதாகத் தோன்றும்.

இதற்கு ஓர் எளிய பழக்கம் உதவும். பண்ணைக் கணக்கு எழுதும் நோட்டில், பொழுது சாயும்போது 15 நிமிடம் ஒதுக்கி, மனத்தில் உள்ள கவலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் நாளை யாரைப் பார்ப்பது, என்ன செய்வது என்று ஒரு வரி எழுதி நோட்டை மூடுங்கள். கடன் இதனால் தீராது. ஆனால் அதே எண்ணம் நள்ளிரவில் சுற்றிச் சுற்றி வருவது குறையும்.

மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

பலத்த குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் இருந்தாலோ, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தாலோ, படுத்தவுடன் காலை அசைக்காமல் இருக்க முடியாத குறுகுறுப்பு ஏற்பட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். சர்க்கரை நோய், இரும்புச் சத்துக் குறைவு போன்றவை இவ்வாறு வெளிப்படக்கூடும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்குவது தவறு. நெடுநாள் உட்கொண்டு வருவோர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரின் யோசனைப்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இரண்டு வாரத்திற்கு மேல் உறக்கமும் உற்சாகமும் இல்லாமல், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம். பக்கத்து வயல்காரர் அப்படிப் பேசினால் அருகில் அமர்ந்து கேளுங்கள். பூச்சிமருந்துகளைப் பூட்டி வைப்பது அவ்வீட்டில் மிக மிக அவசியம்.

பெருமக்களே! இப்பழக்கங்களுக்குச் செலவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதும் இல்லை. எழும் நேரம், மாலைத் தேநீர் ஆகிய இரண்டை மட்டும் முதல் இரண்டு வாரம் கடைப்பிடித்து, படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் குறித்து வாருங்கள். பலன் கண்ட பின் மற்றவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். விதை நேர்த்தி செய்து விதைப்பது போல, உறங்கித் தெளிந்து உழைக்கச் செல்லுங்கள்.