கடையில் தங்கிவிடும் ஆதார்

ஆதார் நகல் வேணும்னா என்ன செய்யறோம்? ஜெராக்ஸ் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற வாட்ஸப் எண்ணுக்குப் படத்தை அனுப்புறோம். தாள் வந்ததும் காசைக் கொடுத்துட்டுக் கிளம்பிடுறோம்.

தாள் நம்ம கையில. படம்? அது கடைக் கம்ப்யூட்டர்லயே இருக்கு. நம்ம முகம், முகவரி, பிறந்த தேதி, எண் எல்லாம் அங்கேயே இருக்கு. கடைக்காரர் நல்லவரா இருக்கலாம். நாளைக்கு அந்த நாற்காலியில யார் உட்காருவாங்கன்னு அவருக்கே தெரியாதே! நம்ம போன்ல அழிச்சாலும், அங்கே இறக்கி வச்ச படம் அப்படியேதான் இருக்கும்.

அந்தரங்கம் நம்ம அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிடுச்சு. அந்த உரிமையை நாமதான் கேட்டு வாங்கணும்.

ஆதார் ஆணையத்தோட இணையதளத்துல 'மாஸ்க்டு ஆதார்' இலவசமா கிடைக்குது. அதுல கடைசி 4 எண் மட்டும்தான் தெரியும். முழு எண் தேவையில்லாத இடத்துல அதையே கொடுங்க.

கடையில தாளை வாங்கினதும், "அண்ணே, அந்தப் படத்தை அழிச்சிடுங்க"ன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. அவர் அழிக்கிற வரைக்கும் நின்னு பார்த்துட்டு வாங்க.