தூக்குவது வேறு, தாங்குவது வேறு



ஊரை விட்டு வந்து பம்பாயில் குடியேறிய தமிழர் வீடுகளில், எதை விற்றாலும் விற்க மனம் வராத பொருள் ஒன்று இருப்பதுண்டு. சிலருக்கு அது வெண்கலப் பானை, சிலருக்கு வீணை. கிங்ஸ் சர்க்கிளில் வாழும் எங்களுக்கு அது ஒரு பிரீமியர் பத்மினி கார். வால்சந்த் ஹிராசந்த் 1944இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை, எங்களுக்கு அடுத்தாற்போலுள்ள குர்லாவில் இயங்கியது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வெளிவந்த வண்டியே பின்னாளில் பத்மினி ஆயிற்று. 2023 அக்டோபர் இறுதியில் பத்மினி டாக்சிகள் நகரத்திடம் விடைபெற்றன. தனியார் பேணும் வண்டிகள் சிலவே எஞ்சியுள்ளன.

பின் இருக்கையில் அமரும் எங்கள் தந்தையார், “இதைவிட மாட்டுவண்டி மேல்” என்று பலமுறை கூறியும் நாங்கள் செவிசாய்க்கவில்லை. ஒரு மழைநாள் மாலை, கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தின் அருகே பிரேக்கை மிதித்தபோது, வண்டியின் பின்புறம் துள்ளி ஒரு பக்கமாக வழுக்கிற்று. எவர்மீதும் மோதாதது தெய்வச் செயல். குறை சௌகரியத்தில் அன்று, உயிர்க்காப்பில் என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஷாக் அப்சார்பர் என்னும் கருவி அதிர்ச்சியைத் தாங்குவது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது பட்டைவில். ஏற்றபின் அது ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் பணி. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருங்கி ஓடும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் ஆட்டம் அடங்காது. டயர் தரையை விட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிரேக் பயன்படாது.

சோதனை எளிது. வண்டியின் பின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நிலைபெற்றால் நன்று. மேலும் மேலும் ஆடினாலும், குழாயின்மேல் எண்ணெய் வடிந்திருந்தாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றும்போது இருபுறமும் ஒருசேர மாற்றுதல் முறை.

எங்கள் கட்டடத்தில், குர்லா ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் துணையுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணியைத் தொடங்கினோம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாளே எண்ணெய் விட்டிருந்தோம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் அச்சை ஜாக்கியால் உயர்த்தினோம். உடனே ஸ்பானரை எடுத்த எங்களைப் பெரியவர் தடுத்தார். “தம்பி, ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல” என்றார். அச்சின் இரு முனைகளிலும் இரும்பு ஸ்டாண்டு வைக்கச் செய்தார். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்தார். ‘இத்தனை எச்சரிக்கையா!’ என்று நாங்கள் உள்ளூர நகைத்தோம்.

நட்டு இளகவில்லை. பொறுமையிழந்து ஸ்பானரை ஓங்கி இழுத்தோம். அந்த அசைவில் ஜாக்கி சரிந்து விழுந்தது. வண்டி அரை அங்குலம் இறங்கி ஸ்டாண்டின்மேல் நின்றது. எங்கள் கை அப்போது வண்டியின் அடியில்தான் இருந்தது. பெரியவர் ஒன்றும் கூறவில்லை. ஜாக்கியை எடுத்து ஓரமாக வைத்தார்.

அதன்பின் பணி ஒழுங்காக நடந்தது. பழையதைக் கழற்றினோம். புதியதை நிமிர்த்திப் பிடித்துச் சிலமுறை அமுக்கி இழுத்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினோம். பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்கலாகாது. கீறல் விழுந்தால் எண்ணெய் கசியும். ரப்பர் புஷ்களுக்கு எண்ணெய் இடலாகாது. அவை உப்பிக் கெடும். வண்டியின் எடை அச்சின்மேல் இருக்கும் நிலையிலேயே நட்டுகளை இறுதியாக முறுக்க வேண்டும். இல்லையேல் புஷ் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மீண்டும் சோதித்தல் நலம்.

ஓர் எச்சரிக்கை. பத்மினியின் பின்புறத்தில் பட்டைவில் தனியே, ஷாக் அப்சார்பர் தனியே இருப்பதால் இது வீட்டில் இயலும். சுருள்வில்லோடு ஒன்றாய்ப் பிணைந்த அமைப்புள்ள வண்டிகளில் கைவைத்தல் ஆகாது. அமுங்கிய சுருள்வில் விடுபட்டால் உயிரையே பறிக்கும். அதைத் தொழில் அறிந்தவரிடம் விடுக.

மறுநாள் அதே பாலத்தருகே தந்தையாரை அழைத்துச் சென்றோம். அவர் மாட்டுவண்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, உறங்கிவிட்டிருந்தார். அயலூரில் நம்மைத் தூக்கிவிடப் பலர் வரலாம், தாங்குவோர் சிலரே. அத்தகையோர் அண்டையில் இருந்தால், அவர் சொல்லைக் கேட்டபின் ஸ்பானரை எடுப்போமாக.