வலையமைப்பை ஆளும் மென்பொருள்



வங்கியிலே நாம் இடும் பணத்தின் கணக்கும், வைத்தியசாலையிலே நம் நோய் பற்றிய குறிப்பும், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறும் இந்நாளிலே ஏடுகளை விட்டுக் கணினிகளுக்குள் குடிபுகுந்து வருகின்றன. அத்தகைய கணினிகள் பெருந்தொகையாக ஒருங்கே அடுக்கப்பட்டுள்ள இடத்தையே தரவு நிலையம் என்கின்றோம். அந்நிலையத்தினுள்ளே செய்திகள் வழிதவறாது செல்வதற்கென எழுந்த புதிய முறையொன்றைப் பற்றியும், அதனை நிறுவுவோர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளைப் பற்றியும் இன்று சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

கணினிக்குக் கணினி செல்லும் செய்தி, சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கின்றது. பொதியின் முகவரியைப் பார்த்து உரிய வாயிலால் அதனை அனுப்பும் பெட்டிக்குச் சுவிட்சு என்று பெயர். அதற்கு இரு தொழில்கள் உண்டு. எவ்வழி செல்வது எனத் தீர்மானிப்பது ஒன்று. தீர்மானித்த வழியிலே பொதியைச் செலுத்துவது மற்றொன்று. முன்னையது மூளையின் தொழில். பின்னையது கையின் தொழில். பழைய முறையிலே ஒவ்வொரு பெட்டியும் இவ்விரண்டையும் தானே செய்தது. ஆதலால் விதியொன்றை மாற்றவேண்டின், பல பெட்டிகளைத் தனித்தனியே திருத்தவேண்டியிருந்தது.

மெய்நிகர்க் கணினிகள் வந்தபின் இத்தொல்லை பன்மடங்காயிற்று. மெய்நிகர்க் கணினி என்பது தனியானதோர் இயந்திரம் அன்று. ஒரே இயந்திரத்தினுள் மென்பொருளால் ஆக்கப்பட்ட பல கணினிகளுள் ஒன்று. அது சில நிமிடங்களிலே பிறக்கும். வேலை செய்துகொண்டிருக்கும்போதே வேறோர் இயந்திரத்துக்கு இடம்பெயரும். இடம் மாறினும் அதன் முகவரி மாறலாகாது. மேலும், ஒரே நிலையத்திலே குடியிருக்கும் பல நிறுவனங்களின் செய்திகள் ஒன்றோடொன்று கலத்தலும் ஆகாது. அவற்றைப் பிரித்துவைக்கப் பழைய முறையிலே 4,094 இலக்கங்களே இருந்தன. 2014ஆம் ஆண்டிலே பொதுவிவரமாக வெளியிடப்பட்ட வீஎக்ஸ்லான் என்னும் முறையோ 1 கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களுக்கு இடமளித்தது. இத்துணைப் பிரிவுகளையும் மனிதர் கையால் ஒழுங்குசெய்தல் இயலாத காரியம்.

இதற்கு மாற்று யாது? மூளையையும் கையையும் பிரித்துவிடுவதே. 2007ஆம் ஆண்டிலே மார்ட்டின் கசாடோ என்பவரும் அவர்தம் குழுவினரும் ஈத்தேன் என்னும் அமைப்பை அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திலே செய்துகாட்டினர். 2008ஆம் ஆண்டிலே நிக் மக்கியோனும் பிறரும் ஓப்பின்புளோ என்னும் பொது மொழியை வெளியிட்டனர். தீர்மானிக்கும் வேலையைக் கட்டுப்படுத்தி என்னும் மென்பொருள் ஏற்றது. சுவிட்சுகள் அதன் விதிகளைப் பெற்றுப் பொதிகளைச் செலுத்தின. இதன் பயன் சிறிதன்று. தன் தரவு நிலையங்களை இணைக்கும் தொலைதூர வலையமைப்பிலே இம்முறையைக் கையாண்ட கூகிள் நிறுவனம், பல இணைப்புகளை அவற்றின் முழுக் கொள்ளளவுக்கு அண்மையாகப் பயன்படுத்த முடிந்ததென 2013ஆம் ஆண்டிலே அறிவித்தது. அத்தகைய இணைப்புகளிலே வழமையாக 30 முதல் 40 வீதமே பயன்பட்டு வந்தது.

ஆயினும், அறிவு முழுவதையும் ஓரிடத்திலே குவித்தால் ஆபத்தும் அங்கேயே குவியும் அன்றோ? அதே கூகிள் அறிக்கை ஒரு பெருந்தடங்கலையும் மறையாது கூறுகின்றது. சுவிட்சுகளை இடம் மாற்றும்போது இரண்டுக்கு ஒரே அடையாள இலக்கம் இடப்பட்டது. அதனால் எழுந்த செய்தி வெள்ளம் கட்டுப்பாட்டுக் கணினிகளைத் திணறடித்தது. சுவிட்சுகளிலே காலாவதியான விதிகள் தங்கின. ஈற்றிலே போக்குவரத்தை விலக்கிவிட்டுக் கட்டுப்பாட்டுக் கணினிகளை முதலிலிருந்தே தொடக்கவேண்டியதாயிற்று. சிறு வழு ஒன்று முழு அமைப்பையும் அசைத்த கதை இது.

ஆகவே இம்முறையை நிறுவுவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலாவது, கட்டுப்படுத்தி ஒன்று போதாது; இரண்டும் போதா. இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்தால், மற்றையது இறந்ததென ஒவ்வொன்றும் எண்ணி இரண்டுமே ஆணையிடத் தொடங்கும். மூன்று இருப்பின், பெரும்பான்மையாகிய இரண்டின் சொல்லே செல்லும். ஒன்று வீழ்ந்தாலும் பணி நடக்கும். ஐந்து இருப்பின் இரண்டு வீழ்ந்தாலும் நடக்கும். ஆனால் கட்டுப்படுத்திகளும் பெரும்பாலும் மெய்நிகர்க் கணினிகளாகவே இயங்குகின்றன. மூன்றையும் ஒரே இயந்திரத்திலே வைத்தால் மூன்றாயிருந்தும் பயன் யாது? வெவ்வேறு இயந்திரங்களிலே, வெவ்வேறு மின்வழிகளிலே அவை இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கட்டுப்படுத்திக்குச் செல்லும் பாதை, அது ஆளும் வலையமைப்பையே நம்பியிருத்தல் ஆகாது. அது திறவுகோலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டுவதை ஒக்கும். நிருவாகத்துக்கெனத் தனிப் பாதை வேண்டும்.

மூன்றாவது, கட்டுப்படுத்தி மறைந்த வேளையிலே சுவிட்சுகள் யாது செய்யும் என்பதை முன்னரே வகுத்துவைத்தல் வேண்டும். பாடசாலையொன்றிலே அதிபர் வராத நாளிலும், நேரசூசி சுவரிலே தொங்குமாயின் பாடங்கள் நடக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் அதிபரைக் கேட்டே ஆசிரியர் வகுப்புக்குச் செல்வாராயின், அன்று பாடசாலை நடவாது. அதுபோலவே விதிகளை முன்கூட்டியே சுவிட்சுகளிற் பதித்துவைத்தால், தலைமையின் தொடர்பு அற்றபோதும் பழைய போக்குவரத்துத் தடையின்றி நடக்கும். புதிய மாற்றங்களே காத்திருக்கும்.

சிறிய காரியங்களும் பெரிய இடையூறு விளைக்கும். வீஎக்ஸ்லான் முறை ஒவ்வொரு பொதியின்மேலும் 50 பைற்று அளவுள்ள உறையை இடுகின்றது. கீழேயுள்ள வலையமைப்பு 1,500 பைற்றுக்கே இடம் வைத்திருப்பின், சிறு பொதிகள் செல்லும். பெரும் பொதிகள் மறைந்துபோகும். காரணம் அறியாது பலர் மயங்கும் இடம் இது. அன்றியும், கட்டுப்படுத்தியைக் கைப்பற்றியவன் வலையமைப்பு முழுவதையும் கைப்பற்றியவனாவான். ஆதலால் அதனை அணுகுவோர் சிலராக இருத்தலும், அதற்கும் சுவிட்சுகளுக்கும் இடையே செல்லும் ஆணைகள் மறைகுறியாக்கப்படுதலும், செய்த மாற்றங்கள் யாவும் பதியப்படுதலும் இன்றியமையாதன.

இவற்றையெல்லாம் ஒரே நாளிற் செய்துமுடிக்க முயலுதல் தகாது. ஒரு சிறு பகுதியிலே தொடங்கி, கட்டுப்படுத்திகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து, பணி தொடர்கின்றதெனக் கண்டபின்னரே அடுத்த பகுதிக்குச் செல்லுதல் வேண்டும்.

நேயர்களே, ஓரிடத்திலிருந்து முழுவதையும் காணும் தலைமை நன்மையே பயக்கும். ஆனால் நல்ல தலைமைக்கு அடையாளம், தான் இருக்கும்போது அனைத்தும் நடப்பதன்று. தான் இல்லாதபோதும் எதுவும் நின்றுபோகாதிருப்பதே. நம் கணக்கும் குறிப்பும் பெறுபேறும் அத்தகைய தலைமையையே நம்பியிருக்கின்றன.