தண்டனை முடிந்த பின்னும் கல்வி வாசல் அடைபட்டதா?

 

பனியன் கம்பெனி வாசலில் நடந்த ஓர் அடிதடியில் சிக்கி, தண்டனை அனுபவித்து வீடு திரும்பிய பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு. அவர்களுள் ஒருவன் மேலே படிக்க விரும்பினால், "ஜெயிலுக்குப் போனவனுக்கு எந்தக் கல்லூரி இடம் தரும்?" என்று முதலில் கேட்பவர்கள் அவனுடைய உறவினர்களே.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. தண்டனை பெற்றவர் பல்கலைக்கழகத்தில் சேரவே கூடாது என்ற பொதுத்தடை இந்தியாவில் இல்லை. 1991இல் 19 வயதில் கைதான பேரறிவாளன், 2012இல் வேலூர் சிறையிலிருந்தே மேல்நிலைத் தேர்வு எழுதி 1200க்கு 1096 மதிப்பெண் பெற்றார். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பட்டமும் பெற்றார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2023இல் ஆயுள் கைதிகள் இருவர் சிறையிலிருந்தபடியே இணையவழியில் சட்டக் கல்லூரி வகுப்பில் பங்கேற்கக் கேரள உயர்நீதிமன்றம் அனுமதி அளித்தது.

படிப்பு வேறு, தொழில் உரிமை வேறு என்பதையும் அறிய வேண்டும். ஒழுக்கக்கேடான குற்றத்திற்குத் தண்டனை பெற்றவர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. எனினும் விடுதலையாகி 2 ஆண்டுகள் கழிந்தால் அத்தடை நீங்கும் என்று 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமே கூறுகிறது. அரசுப் பணியில், குறிப்பாகக் காவல்துறையில், கெடுபிடி அதிகம். 18 வயது நிரம்பாத பருவத்துக் குற்றம் பிற்காலத் தகுதியைப் பறிக்காது என்பது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம்; 16 வயதைக் கடந்து, வயது வந்தோரைப் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இப்பாதுகாப்பு இல்லை.

விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பின்னர் வெளிப்பட்டால், வழக்கைவிட மறைத்ததே பெரும் பழியாகிவிடும். பொய்யை மார்க்கமும் அனுமதிக்கவில்லை.

பத்ருப் போரில் கைதானவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், மதீனாச் சிறுவர் பத்துப் பேருக்குக் கற்பித்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததாக வரலாற்றில் காண்கிறோம். வாளேந்தி வந்த எதிரியையே ஆசிரியராக அமர்த்தினார்கள்! மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது அதனையும் தடுத்தார்கள். தண்டனை நிறைவேறிய பின் சாபம் எதற்கு?

நமது ஜமாஅத்தின் கல்வி உதவிப் படிவத்தில், 'என் மீது எவ்வித வழக்கும் இருந்ததில்லை' என்று உறுதி கூறும் வரி ஒன்று உள்ளது. சட்டம் விதிக்காத தடையைப் பள்ளிவாசல் விதிப்பது எங்ஙனம் பொருந்தும்? அவ்வரியை நீக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக் கொள்கிறோம். அடுத்த கல்வியாண்டுக்கான படிவம் அச்சுக்குப் போகும் முன் இதனை முடிவு செய்யுங்கள்.