கிரகணமும் நற்காட்சியும்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1980ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16ஆம் நாள், சனிக்கிழமை. கருநாடகக் கடற்கரையில் கார்வார்ப் பகுதியில் நிலத்தைத் தொட்டு, ஆந்திரத்தையும் ஒரிசாவையும் கடந்து சென்ற முழுச் சூரிய கிரகணம் அன்று பிற்பகலில் நிகழ்ந்தது. அப்பாதைக்குத் தெற்கே அமைந்த புதுச்சேரியில் அது பகுதி கிரகணமே. ஆயினும் கதிரவனின் பெரும்பகுதி மறைந்தது. நண்பகல் கடந்ததும் நகரின் தமிழர் தெருக்களில் கதவுகள் சாத்தப்பட்டன. எந்நேரமும் பேச்சொலி கேட்கும் திண்ணைகளில் ஆளரவம் இல்லை.

அத்தெருக்களுள் ஒன்றில், திண்டிவனம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து குடியேறிய சமணக் குடும்பம் ஒன்று வாழ்ந்தது. அவ்வீட்டில் அன்று நிகழ்ந்தவற்றை நம்மில் முதியோர் பலர் தம் வீட்டு நிகழ்ச்சியாகவே உணர்வர். காலையிலேயே சமையலும் உணவும் முடிந்தன. அடுப்பு அணைக்கப்பட்டது. தண்ணீர்க் குடத்திலும் பால் பாத்திரத்திலும் தருப்பைப் புல் இடப்பட்டது. முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கை நிறுத்தப்பட்டது. கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை நிற்கும், விட்டதும் சாய்ந்துவிடும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அரிவாள்மனையும் ஊசியும் கண்ணுக்குப் படாத இடத்திற்குச் சென்றன.

தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த மகள், வெளிச்சம் புகாதபடி மூடிய உள்ளறையில் பாயில் படுத்திருந்தாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். புரண்டு படுத்தலும் கூடாது, நகம் கிள்ளுதலும் கூடாது, நீர் அருந்துதலும் கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவளுக்குத் துணையாக அண்ணன் மகள், எட்டு வயதுச் சிறுமி, வாயிற்படியில் அமர்த்தப்பட்டாள்.

வீட்டுக் கூரை நாட்டு ஓட்டுக் கூரை. ஓட்டு இடுக்குகளின் வழியே எக்காலமும் சிறுசிறு ஒளிவட்டங்கள் கூடத்துத் தரையில் விழும். அன்று அச்சிறுமி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவ்வட்டங்கள் ஒரு பக்கம் தேய்ந்து, பின் ஒவ்வொன்றும் பிறை வடிவாயிற்று. கூடம் முழுவதும் பிறைகள். கதவையும் சாளரத்தையும் அடைத்து வெளியே நிறுத்திய கிரகணம், ஓட்டு இடுக்கின் வழியே உள்ளே வந்து தரையில் தன்னை வரைந்து காட்டியது. “ஆயா, இங்க வந்து பாரேன்” என்று அவள் அழைத்தாள். பாட்டி வந்து பார்த்தார். பஞ்ச நமஸ்காரம் ஓதிக்கொண்டிருந்த வாய் சிறிது நேரம் நின்றது.

அப்பொழுதுதான் உள்ளறையிலிருந்து, “அம்மா, தொண்டை வறளுது, ஒரு வாய் தண்ணி குடு” என்ற குரல் கேட்டது. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள் என்று மருமகள் சொன்னாள். குரல் மீண்டும் கேட்டது. காலை முதல் அவ்வீட்டின் ஒவ்வொரு விதியையும் முன்னின்று நடத்தியவர் அப்பாட்டியே. அவர் எழுந்தார், குடத்து நீரைத் துணியில் வடிகட்டிச் செம்பில் எடுத்தார், மகளின் தலையைத் தாங்கிப் பருகச் செய்தார். “தவிச்ச உசிருக்குத் தண்ணி குடுக்காதேன்னு நம்ம அறத்துல எங்கயும் சொல்லல” என்று மட்டும் கூறினார்.

கிரகணம் ஐந்து மணியை ஒட்டி விட்டது. அதன்பின் வீடு முழுவதும் கழுவப்பெற்று, அனைவரும் நீராடி, வைத்திருந்த நீரைக் கொட்டிப் புதுநீர் கொணர்ந்து, அதன் பின்னரே அடுப்பு மூட்ட வேண்டும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத குடும்பத்திற்கு அன்று எஞ்சியிருந்தது ஒரு மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான பொழுதே. சடங்கு முழுவதையும் செய்திருந்தால், வயிற்றுப் பிள்ளைக்காரி மறுநாள் காலை வரை பட்டினி கிடந்திருப்பாள். பாட்டி கழுவுதலை மறுநாளைக்கு ஒதுக்கிவைத்து, முதலில் மகளுக்குக் கஞ்சி வைத்தார். மறுநாள் அச்சிறுமி யாரும் அறியாமல் உலக்கையை முற்றத்தில் நிறுத்திப் பார்த்தாள். கிரகணம் இல்லாத அன்றும், தட்டையான இரும்புப் பூணின்மேல் அது நேராகவே நின்றது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு வகைக் கட்டுப்பாடுகள் எதிரெதிரே நின்றமையை நாம் கருத வேண்டும். நீரை வடிகட்டுதலும் இரவில் உண்ணாமையும் நம் குடும்பங்களின் ஒழுக்கம். சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமையே அவற்றின் காரணம். அதை நம் வீட்டுக் குழந்தையும் சொல்லும். கிரகண விதிகளுக்கோ, அச்சம் ஒன்றைத் தவிர வேறு காரணத்தை அவ்வீட்டில் எவராலும் சொல்ல இயலவில்லை. செய்முறை நிலைத்துக் காரணம் மறைந்துபோயிற்று.

இவ்வாறு செய்முறை நின்று காரணம் மறைவது இல்லங்களில் மட்டும் நிகழ்வதன்று. அதற்குப் புதுச்சேரி நகரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காண்பதற்காக லெ ஜாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் 1768இல் இந்நகருக்கு வந்தார். எட்டு ஆண்டுகள் காத்திருந்த அவருக்கு, 1769ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் காலையில் மேகம் மூடி அக்காட்சி கிட்டாமலே போயிற்று. ஆயினும் இங்குத் தங்கியிருந்த காலத்தில் தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றார். எழுதுகோலுக்குப் பதிலாகச் சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தியும், மனப்பாடமான செய்யுள் வாய்பாடுகளைக் கொண்டும் அக்கணக்கு நடந்ததைக் கண்டு வியந்து எழுதினார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்முறைக் கணக்கு 41 விநாடி குறைந்தது என்றும், ஐரோப்பாவில் போற்றப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி மிகுந்தது என்றும் அவர் வாயிலாக அறிகிறோம்.

அடுத்த நூற்றாண்டில் ஜான் வாரன் என்பார், 1825இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ என்னும் நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதினார். அவரும் சோழிகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை நேர்ந்தது. ஏடு பாராமல் நினைவாற்றல் ஒன்றால் இவ்வளவு கணித்தது பெருந்திறமையே. ஆனால் அக்கணக்கின் அடிப்படைக் கொள்கை எதையும் அவர் அறிந்திருக்கவில்லை என்று வாரன் குறிக்கிறார். காரணம் அறியாமல் காக்கப்படும் கணக்கில் பிழை நேர்ந்தால், அதைக் காப்பவரால் திருத்த இயலாது. அது வீட்டு வழக்கத்திற்கும் பொருந்தும்.

நம் நூல்கள் கிரகணத்தைப் பற்றி என்ன சொல்கின்றன? திங்களைப் பாம்பு விழுங்குவது தமிழ் மரபில் பழைய உருவகம். திருக்குறளின் 1146ஆம் குறளும் அதனை உவமையாகவே ஆள்கிறது. திலோயபண்ணத்தி, திரிலோகசாரம் முதலிய சமண நூல்களில் கிரகணம் விழுங்குதல் அன்று, மறைத்தல். சந்திர விமானத்தின் கீழ் இயங்கும் ராகு விமானம் ஆறு திங்களுக்கு ஒருமுறை பருவ நாளில் அதனை மறைக்கும் என்பது அவற்றின் விளக்கம். பூமியின் நிழல் திங்கள்மேல் விழுவதே சந்திர கிரகணம், திங்கள் கதிரவனை மறைப்பதே சூரிய கிரகணம் என்னும் இன்றைய வானியல் விளக்கம் இதனின் வேறுதான். எனினும் இரண்டிலும் சினமில்லை, நஞ்சில்லை, தண்டனையில்லை. ஒழுங்கான இயக்கமே உள்ளது.

இன்னும் தெளிவான சான்றும் உண்டு. நற்காட்சி உடையவன் உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் ஆகிய மூன்றிலிருந்தும் நீங்க வேண்டும் என்பது இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் அறிந்தோர்க்குப் புதிதன்று. 10ஆம் நூற்றாண்டில் சோமதேவ சூரி தம் யசஸ்திலகத்தில் மூடச் செயல்களை அடுக்கும்போது கிரகண நீராட்டைப் பெயர் சுட்டியே சேர்த்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆசிரியர்கள் விலக்கியதை, அண்டை வீட்டாரோடு ஒத்து வாழ்ந்த அன்பினால் நம் முன்னோர் மெல்ல மெல்ல ஏற்றனர். அதனைக் குற்றமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் குடம் குடமாக நீரைக் கொட்டும்போது, நீருயிர்களுக்கு இரங்கும் குலத்தினர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் தகும்.

தாய்மாரைப் பற்றியது எல்லாவற்றினும் முதன்மையானது. பிளந்த உதட்டோடு குழந்தை பிறந்தால், “கிரகணத்தன்று எதையோ நறுக்கியிருப்பாள்” என்னும் பழி தாயின்மேல் விழுகிறது. கருவின் உதடு ஏறத்தாழ 4 முதல் 7 வாரங்களுக்குள்ளும், அண்ணம் 6 முதல் 9 வாரங்களுக்குள்ளும் உருவாகி முடிகின்றன என்று மருத்துவம் கூறுகிறது. வயிறு வெளித்தெரியும் காலத்தில் இருட்டறையில் அடைப்பதால் காக்கப்படுவது எதுவுமில்லை. மரபணுக்களும் கருவுற்ற தொடக்க நாள்களின் உடல்நிலையும் சில மருந்துகளும் புகைப்பழக்கமும் போன்ற பல காரணங்கள் கூடி அக்குறை நேர்கிறது. அறுவை மருத்துவத்தால் அதனைச் சீர்படுத்தலாம். அத்தாய்க்கு வேண்டியவை உணவும் நீரும் ஆறுதலுமே. செய்யாத குற்றத்திற்குப் பழியன்று.

அப்படியாயின் கிரகண நாளில் நம் இல்லங்கள் செய்யத்தக்கது யாது? விரும்புவோர் அன்று உபவாசம் இருக்கலாம், சாமாயிகம் செய்யலாம், அமைதியாக ஜபிக்கலாம். இவை எந்நாளிலும் நல்லனவே. குழந்தை, நோயாளி, கருவுற்றவர் ஆகியோர் மீது எதையும் சுமத்துதல் கூடாது. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் அச்சமின்றிக் காணலாம். சூரியனை மட்டும் நேராகப் பார்த்தல் தீங்கு. எக்ஸ்ரே படலமும் புகை படிந்த கண்ணாடியும் கண்ணைக் காவா. அதற்கென அமைந்த தரமான கண்ணாடி வேண்டும். அல்லது ஓட்டு இடுக்கு காட்டியதைப் போல, அட்டையில் சிறு துளையிட்டுக் கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, தரையில் விழும் உருவத்தைக் காண வேண்டும்.

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் ஒன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடக்க இருக்கிறது. 1980இல் வாயிற்படியில் அமர்ந்திருந்த சிறுமிக்கு அப்போது ஏறத்தாழ அறுபது வயது. தருப்பைப் புல்லையும் உலக்கையையும் பற்றி அவள் தன் பேரக்குழந்தைகளுக்குச் சொல்வாள்; சொல்லவும் வேண்டும், அவை ஒரு காலத்துத் தமிழ் இல்லத்தின் நினைவுகள். அத்துடன், கேட்ட குரலுக்குச் செம்பு நீரோடு எழுந்த தன் ஆயாவைப் பற்றியும் அவள் சொல்வாளாக.

அறம் வாழ்க! அனைத்துயிரும் இன்புறுக!